மலைத்தோட்டத்து டிராக்டர் பாதை: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

கீழ்ப் பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர் பக்கத்துத் தோட்டங்களில் டிராக்டர் பாதை என்று தனியாகத் திட்டம் போட்டு வெட்டியது குறைவு. குதிரையில் மூட்டை ஏற்றிப் போன தடத்தையோ, ஆள் நடந்த ஒற்றையடிப் பாதையையோ அகலப்படுத்தியதுதான் அதிகம். குதிரைக்கு நேரே மேலேறுவது பெரிய விஷயமில்லை. டிராக்டரும் சுமையேற்றிய டிரெய்லரும் சேர்ந்தால் ஐந்தாறு டன். அந்த எடையை அதே தடத்தில் ஏற்றினால் முதல் மழைக்காலத்திலேயே பாதை பேச ஆரம்பித்துவிடும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. இங்கே பெரிய மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அராபிகா காபி பழுக்கத் தொடங்குவதும் அந்தச் சமயத்தில்தான். பாதை மிகவும் நனைந்து கிடக்கும் மாதங்களில்தான் அதில் சுமை ஏற்ற வேண்டியிருக்கிறது. "காய்ந்த பிறகு ஓட்டிக்கொள்ளலாம்" என்கிற யோசனை சமவெளிக்குச் சரி, காபித் தோட்டத்துக்கு முழுசாக ஒத்துவராது.

கீழே ஒவ்வொரு கோளாறாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பாதையில் எது தெரிகிறதோ அந்தப் பகுதியிலிருந்து படிக்கலாம். ஆனால் எதில் கை வைப்பதற்கு முன்னாலும் ஒரு வேலையைச் செய்யுங்கள்: நல்ல மழை பெய்துகொண்டிருக்கும்போது குடையும் மம்பட்டியுமாகப் பாதையின் உச்சியிலிருந்து கீழே வரை நடந்து போங்கள். தண்ணீர் எங்கே பாதைக்குள் நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று பாருங்கள். சேதம் தெரிகிற இடமும் காரணம் இருக்கிற இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. குழி விழுந்த இடத்தில் நின்று யோசித்தால் பதில் கிடைக்காது. அது முப்பது நாற்பது மீட்டர் மேலே இருக்கும்.

சக்கரத்தடம் ஆழமாகி வாய்க்காலாக ஓடுகிறது

முதலில் தடத்தின் அடியைப் பாருங்கள். மண் போய் கல்லும் வேரும் துருத்திக்கொண்டு, ஓரம் செங்குத்தாக வெட்டுப்பட்டிருந்தால் அது தண்ணீர் அரித்த தடம். இரண்டு பக்கமும் மண் பிதுங்கி மேடாகி, நடுவில் சேறு நின்றால் அது சக்கரம் அமுக்கிய தடம். இரண்டுக்கும் மருந்து வேறு. அமுங்கிய தடத்துக்கு அடுத்த பகுதிக்குப் போங்கள்.

அரித்த தடம் என்றால் பாதையின் வாட்டத்தை அளக்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். 10 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் இறங்கினால் பத்துக்கு ஒன்று, அதாவது 10 சதவீதம். டிரெய்லரோடு போகிற பாதைக்கு 8 முதல் 10 சதவீதம் வரை நிம்மதி. குறுகிய தூரத்துக்கு 15 வரை தாங்கலாம். அதற்கு மேல் நீளமாக ஏறுகிற பாதையில் வருஷா வருஷம் செலவு செய்வதைவிட, அந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போகும்படி புதுத்தடம் பிடிப்பதுதான் லாபம். இதை ஏற்றுக்கொள்ள மனம் வராது. ஏற்கெனவே போட்ட பணம் கண்ணை மறைக்கும்.

வாட்டம் தாங்கும் அளவில் இருந்தும் அரிக்கிறது என்றால், தண்ணீர் பாதையிலேயே வெகுதூரம் ஓடுகிறது என்று அர்த்தம். வழியில் அதை இறக்கிவிட வேண்டும். எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை? வாட்டம் 5 சதவீதமானால் ஏறக்குறைய 40 மீட்டருக்கு ஒன்று, 10 சதவீதத்துக்கு 25 மீட்டர், 15 சதவீதத்துக்கு 18, 20 சதவீதத்துக்கு 14. எளிதாக அரிக்கும் மண்ணில் இந்த இடைவெளியை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கிவிடுவதற்கு எங்கள் பக்கம் வழக்கமாகச் செய்வது, பாதையின் குறுக்கே மண்ணைக் குவித்து ஒரு சின்ன வரப்பு. டிராக்டர் நாலு தரம் ஏறி இறங்கியதும் அந்த வரப்பு கரைந்துபோகும். கரையாமல் நின்றால் டிரெய்லரின் ஹூக் அடிபடும், ஓட்டுநரே மம்பட்டியை எடுத்து அதை வெட்டிவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வரப்புக்குப் பதிலாகப் பாதையையே நீளமாக அலையவிட வேண்டும். மேலிருந்து வரும்போது 8, 10 மீட்டருக்குப் பாதையைக் கொஞ்சம் கூடுதலாக இறக்குங்கள். அடியில் ஒரு அடி தாழ்வு வரட்டும். பிறகு ஐந்தாறு மீட்டருக்கு மெல்ல மேடேற்றி, பழைய வாட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். ஓட்டுபவருக்கு இப்படி ஒரு தாழ்வு இருப்பதே பெரிதாகத் தெரியாது, தண்ணீருக்கு மட்டும் தெரியும். இந்தத் தாழ்வை நேர்குறுக்காகப் போடாமல், அதிலிருந்து 30 டிகிரி அளவுக்குக் கீழ்நோக்கிச் சாய்த்துப் போட வேண்டும். அதன் அடியும் வெளிப்பக்கமாக 3 முதல் 5 சதவீதம் வாட்டத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டல் தங்கி, ஒரே பருவத்தில் தூர்ந்துவிடும்.

வாட்டம் 12 சதவீதத்தைத் தாண்டினால் இப்படி அலையவிடுவதற்கு நீளம் கிடைக்காது. அங்கே குறுக்கே அகலமான ஆழமில்லாத வாய்க்கால் எடுத்து, அடியிலும் இரு ஓரத்திலும் கல் பதித்துவிடலாம். கல்லைப் படுக்கை வசமாக வைக்காதீர்கள், டயர் பெயர்த்துவிடும். செங்குத்தாக நட்டு, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குங்கள்.

தண்ணீர் வெளியேறும் வாயில் பத்துப் பதினைந்து கல்லைப் போட்டு, இலைச்சருகு மூடிய மண்ணில் பரவவிடுங்கள். காபிச் செடியின் தூரில் போய் விழக்கூடாது. மிளகுக்கொடியின் வேரில் தண்ணீர் நின்றால் வாடல் நோய் வரும், அங்கேயும் கூடாது. முக்கியமாக, அதே பாதை கீழே வளைந்து வரும் இடத்தின் தலையில் விடக்கூடாது. ஒரு வளைவில் அரிப்பை நிறுத்தி அடுத்த வளைவுக்கு அனுப்பிவைத்த பாதைகள் நிறையவே உண்டு.

அரித்த தடத்தில் கட்டட இடிபாட்டைக் கொட்டி நிரப்புவதைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீரைத் திருப்பாமல் எதைக் கொட்டினாலும் அடுத்த மழை அதன் பக்கத்தில் புதுத்தடம் வெட்டும். அப்புறம் இடிபாட்டுக் கம்பியும் ஓட்டுச்சில்லும் டயரைக் கிழிப்பதுதான் மிச்சம். தண்ணீர் வழி சரியான பிறகு, ஐந்து கொத்துக் கலப்பையால் பழைய தடத்தைக் கிளறிவிட்டு, அதன்மேல் கிராவல் போட்டு இறுக்குங்கள். கிளறாமல் வழவழப்பான தடத்தின் மேலேயே கொட்டிய கிராவல் தனிப் படலமாக நின்று பெயர்ந்துவிடும். மண்ணில் ஈரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கைப்பிடி அளவு எடுத்து அமுக்குங்கள். உருண்டையாக நின்று, கீழே போட்டால் இரண்டு மூன்றாக உடைந்தால் அதுதான் பதம். காபி பூக்க வரும் கோடை மழைக்குப் பின் நாலைந்து நாட்களில் இந்தப் பதம் கிடைக்கும். மார்ச்சுப் புழுதியில் கொட்டி ஓட்டினால் இறுகாது.

சுற்றிலும் காய்ந்தாலும் ஒரே இடம் மட்டும் சேறாகக் கிடக்கிறது

மூன்று காரணங்கள் இருக்கலாம். மேட்டுப்பக்கத்தில் ஊற்றுக் கசிவு; அந்த இடம் தாழ்ந்து, வெளி ஓரம் மேடாகி, தண்ணீருக்குப் போக வழியில்லாமை; அல்லது வெயிலே படாத அடர்ந்த நிழல்.

எது என்று கண்டுபிடிக்க, மழையில்லாத மூன்று நாளுக்குப் பின் பாதைக்கு மேட்டுப்பக்கம் இரண்டடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி வையுங்கள். மறுநாள் காலையில் குழியில் தண்ணீர் ஊறியிருந்தால் கசிவு. குழி காய்ந்திருந்து பாதை மட்டும் ஈரமென்றால் வடிகால் பிரச்சினை. செடிகளைப் பார்த்தும் சொல்லலாம்: கோரையும் சேம்பும் தானாக முளைத்து நிற்கும் மேடு, கசிவு இருக்கும் மேடு.

வடிகால் பிரச்சினைதான் சுலபமானது. பாதையை நிரவும்போது பிளேடு தள்ளிய மண் வெளி ஓரத்தில் வரப்பாக நிற்கும். பார்க்கப் பாதுகாப்பாகத் தோன்றும், உண்மையில் அது அணை. அதை இடையிடையே வெட்டி, பாதை முழுவதையும் வெளிப்பக்கம் 3 முதல் 5 சதவீதம் சாய்த்துவிட்டால் போதும். வழுக்கும் களிமண்ணில், அதுவும் வெளியே செங்குத்துப் பள்ளமாக இருந்தால், வெளிச்சாய்வு வேண்டாம். அங்கே உள்பக்கம் சாய்த்து, உள்ளே வாய்க்கால் எடுத்து, குழாய் வைத்து அந்தப்பக்கம் கடத்துங்கள். வேலை அதிகம்தான், ஆனால் சறுக்கினால் டிராக்டர் மலைப்பக்கமாகச் சறுக்கும்.

கசிவென்றால் தண்ணீரைப் பாதைக்கு வரும் முன்பே பிடிக்க வேண்டும். மேட்டு ஓரமாக இரண்டு மூன்று அடி ஆழத்தில் நீளக் குழி எடுத்து, ஜியோ டெக்ஸ்டைல் துணியை (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கைத் துணி) விரித்து, 40 எம்எம் ஜல்லியை நிரப்பி, துணியை மேலே மடித்து மூடுங்கள். அடியில் துளை போட்ட பிவிசி குழாய் வைத்தால் இன்னும் நல்லது. துணியில்லாமல் வெறும் ஜல்லி போட்டால் நாலைந்து வருஷத்தில் நுண்மண் புகுந்து அடைத்துவிடும்.

சேற்றில் பெரிய பெரிய பாறாங்கல்லைத் தூக்கிப் போடுவது வழக்கம். கல் அடுத்த வருஷம் காணாமல் போகும், மறுபடி போடுவார்கள், மறுபடி காணாமல் போகும். இளகிய மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவே எதுவும் இல்லாததுதான் காரணம். அதே துணியை முதலில் விரித்து, அதன்மேல் ஒரு அடி கனத்துக்கு ஜல்லியும் கிராவலும் போட்டால் பாதிக் கல் செலவில் பாதை நிற்கும். அவசரத்துக்கு, கவாத்தில் விழுந்த சில்வர் ஓக் நிழல் மரக் கிளைகளைப் பாதைக்குக் குறுக்கே நெருக்கமாக அடுக்கி மேலே மண் போட்டும் ஓட்டலாம். அது அறுவடைக்காலத்தைத் தாண்டும் ஏற்பாடு மட்டுமே. கட்டை மக்கியதும் மறுபடி குழிதான்.

நிழல் காரணமென்றால் வடக்குப் பக்கத்து மரங்களில் கை வைக்காதீர்கள். நம் மழைக்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து ஓடுகிறது. தென்பக்கத்து மரங்களின் கீழ்க்கிளைகளை மட்டும் கவாத்து செய்தால் வேண்டிய வெயில் விழும்.

குழாய் வைத்திருக்கிறது, ஆனாலும் தண்ணீர் பாதை மேலேயே வருகிறது

குழாயின் வாயைப் பாருங்கள். இலையும் குச்சியும் அடைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு, வாய்க்கு முன்னால் குழாயின் விட்டம் அளவு தூரத்தில் ஓடையின் நடுவே ஒரே ஒரு கெட்டியான முளையை அடித்து வையுங்கள். மிதந்து வரும் கிளை முளையில் மோதி நீளவாக்கில் திரும்பி உள்ளே போய்விடும். கம்பிவலை போட்டு மூடுவது இதற்கு மருந்தல்ல. சில்வர் ஓக் இலை வலைமேல் பாயாகப் படிந்து, ஒரே இரவில் குழாயை இல்லாததாக்கிவிடும்.

அடைப்பில்லை என்றால் அளவு போதவில்லை. ஒரு அடிக் குழாய் உள்வாய்க்கால் தண்ணீரைக் கடத்துவதற்கே இழுபறி. ஓடை என்று பெயர் சொல்லக்கூடிய எதற்கும் ஒன்றரை அடி, அதாவது 450 எம்எம்முக்குக் குறைத்து வைக்காதீர்கள். குழாய் நடுவில் விரிசல் விட்டு உட்கார்ந்திருந்தால் மேல்மண் போதாது என்று பொருள். குறைந்தது ஒரு அடி மண் மூட வேண்டும். இரண்டரை மீட்டர் ஹியூம் பைப் (சிமெண்ட் கான்கிரீட் குழாய்) ஒன்று பாதை அகலத்துக்கே போதாது. இரண்டை இணைத்து, இரண்டு ஓரமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைக்க வேண்டும். நீளம் மிச்சம் பிடித்த இடத்தில் பாதையின் ஓரம் குழாய் வாயில் சரிந்து விழும்.

குழாய் கடக்கும் இடத்தில் குழாய்க்கு நேர்மேலே பாதையை மேடாக்கிவிடும் பழக்கம் உண்டு. அடைத்தால் தண்ணீர் பாதை வழியே நூறு மீட்டர் ஓடிக் கெடுப்பதற்கு அதுவே காரணம். குழாயிலிருந்து சற்றுத் தள்ளி, இறக்கப் பக்கத்தில் ஒரு தாழ்வு விட்டு அதில் கல் பதித்து வைத்தால், அடைத்த நாளில் தண்ணீர் அந்த இடத்திலேயே குறுக்கே போய்விடும்.

சின்ன ஓடையைக் கடக்கும் இடம் ஒவ்வொரு வருஷமும் போகிறது

வருஷத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும் ஓடைக்குக் குழாயே வேண்டாம் என்பது என் கட்சி. அடியில் கல் பதித்து இறங்கி ஏறிப் போகலாம். வெள்ளம் வரும் ஓரிரு நாள் வண்டி நிற்கட்டும். கடக்கும் தளம் ஓடையின் இயல்பான அடிமட்டத்தோடு சமமாக இருக்க வேண்டும். ஒரு சாண் உயர்த்தினாலும் கீழ்ப்பக்கம் தண்ணீர் குதித்துத் தோண்டும், பின்னோக்கி அரித்துக்கொண்டே வந்து தளத்தைப் பெயர்க்கும். ஏற்கெனவே அப்படித் தோண்டியிருந்தால், பெயர்ந்த தளத்தைச் சரிசெய்வதற்கு முன் கீழ்ப்பக்கத்துக் குழியைப் பெரிய கல்லால் நிரப்புங்கள். இரு கரையிலும் இறங்கும் பாதைக்குப் பத்து மீட்டர் முன்பே பாதைத் தண்ணீரை வெளியேற்றிவிட்டால் ஓடைக்கும் சேறு போகாது.

வெளி ஓரத்தில் நீளவாக்கில் விரிசல்

இதைக் கண்டால் டிராக்டரை நிறுத்துங்கள். மற்ற கோளாறுகளுக்கு அவகாசம் உண்டு, இதற்குக் கிடையாது.

சரிவை வெட்டி, அந்த மண்ணையே வெளியே தள்ளிப் பாதையை அகலப்படுத்தியிருப்பார்கள். அப்போது வழியிலிருந்த மரக்கட்டை, தூர், புதர் எல்லாம் மண்ணோடு சேர்ந்து அடியில் போயிருக்கும். ஐந்தாறு வருஷத்தில் அவை மக்கி வெற்றிடமாகும், மேல்மண் உட்காரும். விரிசல் வெட்டிய மண்ணுக்கும் கொட்டிய மண்ணுக்கும் நடுவிலான கோட்டிலேயே ஓடுவதைப் பார்க்கலாம். கடப்பாரையை விரிசலுக்கு வெளிப்பக்கம் குத்திப் பாருங்கள். கஷ்டமில்லாமல் இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

விரிசலில் சிமெண்ட் பால் ஊற்றுவதும் மண் போட்டு மூடுவதும் கண்துடைப்பு. செய்ய வேண்டியது இரண்டில் ஒன்று. மேட்டுப்பக்கம் இடமிருந்தால் பாதையை உள்ளே தள்ளி, சக்கரம் இரண்டும் வெட்டிய கெட்டி மண்ணில் போகும்படி செய்வது ஒன்று. அதுதான் மலிவு. இடமில்லை, பாறையோ பெரிய மரமோ நிற்கிறது என்றால், கொட்டிய மண்ணை எடுத்துவிட்டு அடியிலிருந்து கல்லுக்கட்டு எழுப்ப வேண்டும். சிமெண்ட் இல்லாத கல்லுக்கட்டே நல்லது, தண்ணீர் இடுக்கில் கசிந்துவிடும். அஸ்திவாரம் கெட்டி மண்ணில், மலைப்பக்கம் சாய்வாக அமைய வேண்டும். சுவரின் அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. சுவர் எட்டடியைத் தாண்டுமென்றால் ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து காட்டிவிடுங்கள்.

வேலை முடிந்த சரிவில் வெட்டிவேர் நாற்றை சம உயரக் கோட்டில், 10 முதல் 15 செண்டிமீட்டர் இடைவெளியில் நடலாம். வேர் இரண்டு மூன்று மீட்டர் கீழே போகும். ஆனால் அடர்நிழலில் அது தேறாது. மரத்தடியில் நட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

மேட்டுப்பக்கத்து மண் சரிந்து பாதையில் விழுகிறது

விழுந்த மண்ணை அள்ளும்போது வெட்டின் அடிப்பாகத்தைத் தோண்டிவிடாதீர்கள், அதுதான் மேலே உள்ளதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. நாலைந்து அடி உயரமுள்ள வெட்டு செங்குத்தாகவே நிற்கும். அதற்கு மேல் உயர்ந்தால் ஒன்றுக்கு ஒன்று, அதாவது ஒரு அடி உயரத்துக்கு ஒரு அடி உள்ளே தள்ளி, சரிவு கொடுக்க வேண்டும். வெட்டின் விளிம்பில் வேர் தொங்கிக்கொண்டு நிற்கும் மரம் இருந்தால் அது காற்றில் ஆடும் ஒவ்வொரு முறையும் மண்ணைக் கிளப்புகிறது. அந்த மரத்தை எடுப்பதுதான் வழி. ஆனால் கோடரியைத் தூக்குமுன் கிராம நிர்வாக அலுவலரையும் வனத்துறையையும் கேளுங்கள். அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் சொந்த நிலத்து மரத்துக்கும் 1955ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். ஜேசிபி இறக்குவதும் அப்படித்தான். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் மண் அள்ளும் இயந்திரத்துக்கு முன் அனுமதி தேவை. வாடகைக்கு வண்டி விடுபவர் "ஒண்ணும் ஆகாது" என்பார். நோட்டீஸ் நில உரிமையாளர் பெயருக்குத்தான் வரும்.

ஏற்றத்தில் சக்கரம் சுற்றுகிறது, அல்லது முன்பக்கம் தூக்குகிறது

எல்லாமே பாதையின் குற்றமல்ல. கணக்கைப் பாருங்கள்: 3 டன் டிரெய்லர் 10 சதவீத ஏற்றத்தில் 300 கிலோ அளவுக்குப் பின்னுக்கு இழுக்கும், 15 சதவீதத்தில் 450 கிலோ. இரு சக்கர இயக்கமுள்ள டிராக்டர் நனைந்த செம்மண்ணில் இதை இழுப்பது சிரமம். முதல் மருந்து, சுமையைப் பாதியாக்கி இரண்டு நடையாகப் போவது. யாருக்கும் பிடிக்காத மருந்து.

பிறகு பாதையில் படிந்த சருகைக் கூட்டித் தள்ளுங்கள். சில்வர் ஓக் சருகு நனைந்தால் டயருக்கும் மண்ணுக்கும் இடையே சவ்வாக நிற்கும். டயர்ப் பற்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பின்டயரில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பினால் பிடிமானம் கூடும், 13.6-28 அளவு டயர் ஒன்றில் ஏறக்குறைய 190 லிட்டர் பிடிக்கும். நிரப்பும்போது வால்வு மேலே இருக்க வேண்டும். இரண்டு பின்சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி பூட்டுகிற டிஃப் லாக்கை நேரான ஏற்றத்தில் மட்டும் போடுங்கள். வளைவுக்கு முன்பே விட்டுவிட வேண்டும்.

முன்சக்கரம் தரையை விட்டு எழும்பினால் அது எச்சரிக்கை. முன்பக்கம் எடைக்கட்டி மாட்டுங்கள். மரக்கட்டை இழுக்கும்போது சங்கிலியைப் பின் அச்சுக்குக் கீழே உள்ள ஹூக்கில் தவிர வேறெங்கும் கட்டாதீர்கள். மேல் லிங்க் கொக்கியிலோ அச்சுக்கு மேலோ கட்டி இழுத்து, கட்டை எதிலாவது சிக்கினால் டிராக்டர் அப்படியே பின்னுக்குக் கவிழும். ஒன்றிரண்டு நொடியில் முடிந்துவிடும், கிளட்சை மிதிக்க நேரமிருக்காது. கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகம் இல்லாத டிராக்டர்கள் நம் ஊரில் ஏராளம் என்பதால் இதில் சமரசமே கூடாது.

இறக்கத்தில் டிரெய்லர் தள்ளுகிறது

இறங்கத் தொடங்கும் முன்பே தாழ்ந்த கியருக்கு வந்துவிடுங்கள். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதுவே. நடுவில் கிளட்சை மிதித்தால் எஞ்சின் பிடி விட்டுப்போகும். வயலில் திரும்ப வசதியாகப் பிரித்து வைத்த இரண்டு பிரேக் பெடலையும் பூட்டால் இணைத்தாக வேண்டும். ஒற்றைப் பெடல் மிதிபட்டால் டிராக்டர் ஒரு பக்கம் திரும்பும், டிரெய்லர் நேரே வரும், இரண்டும் மடங்கிக்கொள்ளும். பாதைப் பக்கம் செய்யக்கூடியது, நீண்ட இறக்கத்தின் முடிவில் வளைவு வராமல், ஒரு பத்து மீட்டராவது சமமாக விடுவது.

வளைவில் ஒரே மூச்சில் திரும்ப முடியவில்லை

நேர்ப்பாதைக்கு 3 மீட்டர் அகலம் போதும். டிரெய்லரின் சக்கரம் டிராக்டரின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஆகவே வளைவில் 4.5 முதல் 5 மீட்டர் வேண்டும், அந்தக் கூடுதல் அகலம் வளைவின் உள்பக்கம் வர வேண்டும். வெளிப்பக்கம் அகலப்படுத்திப் பள்ளத்தைக் கிட்டே கொண்டுவருவதால் பயனில்லை. கொண்டையூசி வளைவில் வாட்டத்தை 5 சதவீதத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். இடமே இல்லையென்றால் வளைவை விட்டுவிட்டு, ஒரு சமதளத்தில் முன்னே போய்ப் பின்வாங்கித் திரும்பும்படி அமைக்கலாம், ஆனால் அதற்கு டிரெய்லரைப் பின்னால் தள்ளத் தெரிந்த ஓட்டுநர் வேண்டும்.

மரம் குறுக்கே விழுந்து கிடக்கிறது

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் திண்டுக்கல் மாவட்டத்தின் வழியே மேற்கே போனபோது கொடைக்கானல் மலைப்பாதைகளில் மரம் சாய்ந்தும் மண் சரிந்தும் போக்குவரத்து நின்றது. தோட்டத்துக்குள் கிடந்த மரங்களை எடுக்க அதற்கப்புறமும் வெகுநாள் ஆனது. சில்வர் ஓக் கிளை இயல்பிலேயே முறியக்கூடியது. உயரமாக விட்ட மரத்தில் நுனி முதலில் போகும்.

விழுந்த மரம் இரண்டு பக்கமும் தாங்கி நடுவில் தொங்கினால் மேல்பக்கம் அமுங்கியும் அடிப்பக்கம் இழுபட்டும் இருக்கும். அறுக்கும்போது அமுங்கிய பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு முதலில், பிறகு இழுபட்ட பக்கம். மாற்றிச் செய்தால் வாள் சிக்கும், இல்லையென்றால் மரம் வெடித்துத் தெறிக்கும். வேரோடு பெயர்ந்த மரத்தின் வேர்த்தட்டு, தண்டை அறுத்ததும் பழைய குழிக்கே சட்டென்று திரும்பிவிடும். அதன் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. மரத்தை இழுத்த பிறகு அந்தக் குழியை மூடாமல் விடாதீர்கள், பாதைத் தண்ணீர் முதலில் தேடிப்போவது அதைத்தான்.

புதர் மூடுகிறது

உண்ணிச்செடியை மழைக்கு முன் வெட்டினால் இரட்டிப்பாகத் துளிர்க்கும். மழை முடிந்து, மண் இளகியிருக்கும்போதே தூரோடு பிடுங்கிவிடுங்கள். வெளி ஓரத்துப் புல்லை வேரோடு எடுக்க வேண்டாம், கணுக்கால் உயரத்துக்கு நறுக்கினால் போதும், ஓரத்தைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். டிராக்டரில் உட்கார்ந்தவர் தலைக்கு மேல் ஒரு மீட்டராவது கிளையில்லாமல் இருக்கட்டும்.

பாதை நன்றாக இருக்கிறது, ஓரத்து நிழல் மரங்கள் காய்கின்றன

பாதை வெட்டி மூன்று நாலு வருஷம் கழித்து வரும் கோளாறு இது, அதனால் யாரும் பாதையோடு சேர்த்து யோசிப்பதில்லை. நோய் என்று மருந்து அடிப்பார்கள். மரத்தடியைத் தோண்டிப் பாருங்கள். அடிமரத்தைச் சுற்றி ஒரு அடி, ஒன்றரை அடி மண் கொட்டியிருந்தால் வேர் மூச்சுமுட்டிப் போகிறது. அந்த மண்ணைப் பழைய மட்டம் வரை அள்ளிவிடுங்கள். ஒரு பக்கத்து வேர் முழுதும் வெட்டுப்பட்டிருந்தால் மரம் தேறுவது சந்தேகம். அதோடு அது வெட்டுப்படாத பக்கமாகச் சாயும் வாய்ப்பும் அதிகம். அங்கே மிளகு ஏற்றியிருந்தால் கொடியைப் பக்கத்து மரத்துக்கு மாற்றத் தொடங்குங்கள். வண்டி பாதையை விட்டு விலகி மரத்தடியில் ஒதுங்கி நிற்பதும் வேரை நசுக்கும். ஒதுங்குவதற்கென்று இருநூறு மீட்டருக்கு ஓரிடம் மரமில்லாத பக்கத்தில் அகலப்படுத்திக் கொடுத்துவிட்டால், ஓட்டுநர் தானாகவே அங்கே நிறுத்துவார்.